காறல்கொடி வேரைக் காயவைத்த விதம்

ஸ்கொட்லாந்து
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயந்தினி எழுதுகிறேன். நான் இங்கே சுகம். உங்கள் காது எப்படி இருக்கிறது? தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில், இலை காயவைக்கும் ட்ரையருக்குப் பக்கத்திலேயே இருபத்தாறு வருடம் நின்ற காது அது. போனில் நான் கத்துவதும் நீங்கள் "ஆங், ஆங்" என்பதும் போதும் என்றுதான் மறுபடி பேனாவைப் பிடித்திருக்கிறேன். அண்ணியின் முழங்காலுக்கு பதுளை ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்?

நல்ல செய்தி ஒன்று. இங்கே நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பித்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். என் பட்டியலில் பதினொன்று இருக்கின்றன. முதலாவது உங்களுக்கும் தெரிந்தது. கண்டியில் கம்பஸில் இருந்தபோது, நம் தோட்டத்துக் காறல்கொடி வேரிலிருந்து சேற்றுப்புண் பூஞ்சையைக் கொல்லும் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, நமுனுகுல மலையின் பெயரால் 'நமுனுலின்' என்று பெயர் வைத்தேனே, அது. மற்றப் பத்தும் அதன் தோளில் ஏறி நிற்பவைதான்.

போன மாதம் கொரியாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு மரியாதையாக எழுதியிருந்தது. முறைப்படி அனுமதி பெற்று அதே கொடியின் வேரை வரவழைத்து, நிழலில் உலர்த்திப் பார்த்தார்களாம். நமுனுலின் துளிகூட இல்லையாம். என் வேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். 2018இல் அந்த இரண்டு சாக்கு வேரையும் நான் எழுதிக்கொடுத்தபடி மூன்று வாரம் நிழலில்தானே காயவைத்தீர்கள்?

அண்ணிக்கு என் அன்பு.

ஜெயந்தினி

---

நமுனுகுல
9 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் கடவுள் புண்ணியத்தில் சுகம். அண்ணியின் முழங்காலில் நீர் கோத்திருக்கிறதாம். மாத்திரை கொடுத்து, மலை ஏற வேண்டாம் என்றார்கள். மலை ஏறாமல் கொழுந்து எடுப்பது எப்படி என்று அவள் டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

தை மழை விடவில்லை. பசறை ரோட்டில் மண் சரிந்து நாலு நாள் பஸ் இல்லை. ஸ்டோரில் புது உருட்டு மெசின் வந்திருக்கிறது. பழையதைவிடச் சத்தம் அதிகம், எனக்குத்தான் கேட்பதில்லை. வாச்சர் வீரய்யாவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. உனக்கு அழைப்பிதழ் வைத்தார்கள், என்னிடம் இருக்கிறது.

பதவி உனக்குக் கிடைக்கும். கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்?

வேரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ எழுதிக்கொடுத்த தாள் இன்னும் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

குளிருக்குப் பார்த்து நடந்துகொள்.

அண்ணன்
சிவஞானம்

---

ஸ்கொட்லாந்து
27 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணி கேட்ட கேள்வியை இங்குள்ள சிநேகிதர்களிடம் சொன்னேன், எல்லோரும் அண்ணியின் கட்சி.

தாள் பத்திரமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். தாளில் இருந்தபடி செய்தேன் என்று எழுதவில்லை. உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன் அண்ணா.

கண்டி கம்பஸில் என்னோடு படித்த ஷிஹானாவை நினைவிருக்கும், பதுளைப் பிள்ளை. இப்போது அங்கேயே விரிவுரையாளர். அவள் பசறைக்கு வந்து காறல்கொடி வேர் பிடுங்கிப்போய், நிழலில் உலர்த்திச் சோதித்துப் பார்த்தாள். அவளுக்கும் கிடைக்கவில்லை. ஆக, கொரியாக்காரர்கள் சொல்வது சரி. நான் கண்ட சேர்மமும் உண்மை, அதன் அமைப்பை நானே அணு அணுவாக வரைந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

இங்கே என் மேலதிகாரி, "மண் வேறு, காலம் வேறு என்று இரண்டு வரி பதில் எழுதிவிடு. நேர்முகத் தேர்வு முடியும்வரை வாயைத் திறக்காதே" என்கிறார். தேர்வு ஏப்ரல் 8. அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. காரணம் தெரியாமல் எழுதுகிற பதில் பதிலே இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெயந்தினி

---

நமுனுகுல
18 மார்ச் 2025

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

அண்ணி பாக்கியலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் சுகக்கேடு இல்லை, பயப்படாதே. பதில் வராததற்கு அது காரணமில்லை.

உன் அண்ணன் மூன்று தரம் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். "என்னாங்க எழுதுறீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, மழையப் பத்தி" என்கிறார். அந்த வருஷம் கார்த்திகையில் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். நீ கண்டிக்குப் போன மறுநாள் தொடங்கியது. அதற்குமேல் நான் சொல்லக்கூடாது, அவரே சொல்லட்டும்.

நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

---

நமுனுகுல
30 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன் தேர்வுக்கு முன் இது வந்து சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன். அது என் தப்பு.

நீ போன மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் மழை. லயத்து வீட்டு முன் இஸ்தோப்பில் ஓலைப்பாயை விரித்து வேரைப் பரப்பினேன். மூன்றாம் நாளே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தது. உன் படிப்பு முழுக்க அந்த இரண்டு சாக்கில் இருக்கிறது என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். வேறு வழி தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடைசித் தூள் இறங்கின பிறகு, சூடு அணைக்கும் முன், வேரை ட்ரையர் தட்டில் போட்டேன். சூடு காட்டும் முள் இருநூறில் நின்றது. இருபது நிமிஷம் ஒரு தரம், ஆறவிட்டு மறுபடி இருபது நிமிஷம். பிறகு தட்டையெல்லாம் மூன்று தரம் கழுவித் துடைத்தேன். வீரய்யா மட்டும் பார்த்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

உன்னிடம் மூன்று வாரம் நிழலில் கிடந்தது என்று சொன்னேன். நீ அதை இங்கிலீஷில் எழுதி அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ அவ்வளவு சந்தோசமாக இருந்தாய்.

தேயிலை காயும் தட்டில் வேறு பொருள் போட்டால் வேலை போகும். எனக்கு இன்னும் ஆறு வருஷ சேவை இருக்கிறது. ஸ்டோர் பெயர் இல்லாமல் எழுத முடியுமா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. நீ எழுத வேண்டியதை எழுது.

அண்ணன்
சிவஞானம்

---

ஸ்கொட்லாந்து
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகமாக இருக்கிறேன், அதை முதலில் நம்புங்கள்.

பதவி கிடைக்கவில்லை. தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கேள்வியே, "உங்கள் கட்டுரைகளில் எதை அதிகம் பெருமையாக நினைக்கிறீர்கள்?" என்பதுதான். நமுனுலினைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "அதை வேறு யாராலும் இதுவரை திரும்ப எடுக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. கண்டுபிடிப்பேன்" என்றும் சொன்னேன். வெளியே வந்தபோது என் மேலதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மூன்று நாள் கழித்து உங்கள் கடிதம்.

இருநூறு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன் அண்ணா. உங்கள் ஃபரன்ஹைட் இருநூறு எங்கள் செல்சியஸ் கணக்கில் தொண்ணூற்று மூன்று பாகை. பச்சை வேரில் இருப்பது வேறொரு சேர்மம். அந்தச் சூட்டில் அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று விழுகிறது. மிச்சம் இருப்பதுதான் நமுனுலின். உடனே ஷிஹானாவிடம் சொல்லி, அவளிடம் இருந்த, நிழலில் உலர்த்திய வேரின் சாற்றைச் சூடாக்கச் சொன்னேன். மறுநாளே தகவல் வந்தது. இருக்கிறது. நீங்கள் கெடுத்துவிட்டதாக ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அதை உண்டாக்கியதே நீங்கள்தான்.

ஆனால் 'கொடியில் இருக்கிறது' என்று நான் அச்சில் சொன்னது தவறு. திருத்தம் எழுதுகிறேன். ஸ்டோரின் பெயர் அதில் வர வேண்டியதில்லை, சூடு மட்டும் போதும். அண்ணிக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கேட்டு எழுதுங்கள். நம் லயத்தில் சேற்றுப்புண்ணுக்கு அந்த வேரை அரைப்பதற்கு முன் ஏதாவது செய்வார்களா?

ஜெயந்தினி

---

நமுனுகுல
18 மே 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீ கேட்டதைப் பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மாவிடம் கேட்டேன். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த கால். இந்த மேல் டிவிசன் முழுக்கச் சேற்றுப்புண்ணுக்கு அவரிடம்தான் போகும்.

"பச்சையா அரைச்சா அது வெறும் சேறுதான்" என்றார். "ரொட்டிக் கல்லுல போட்டு, நெறம் மாறி, பாகு காய்ச்சுற வாசம் வர்ற வரைக்கும் வாட்டணும். அப்பறம்தான் அரைக்கணும்."

"இத ஏன் தங்கச்சிகிட்ட அப்பவே சொல்லல?"

"எந்தக் கொடின்னு கேட்டுச்சு, காட்டுனேன். எப்பிடிச் செய்வீங்கன்னு கேக்கவே இல்லையே."

சொன்னபடி எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. போன வாரம் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய் மனேஜர் தொரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆறு வருசமா யாருக்கும் தெரியாதே, இப்ப ஏன் வந்து சொல்ற?" என்றார்.

"என் தங்கச்சி தெரியாதத தெரியாதுன்னு பெரிய சபையில சொல்லிட்டு வந்திருக்குங்க. தெரிஞ்சத நான் எப்பிடிங்க மறைக்கிறது?" என்றேன்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஸ்டோரிலிருந்து எடுத்து மலையில் கவ்வாத்து வெட்டப் போட்டிருக்கிறார். தேயிலைச் செடியைத் தலை வெட்டுகிற வேலை, இந்த வயதில் இடுப்பு கேட்கிறது. ஆனால் மலையில் இரைச்சல் இல்லை. முந்தாநாள் குருவிச் சத்தம் கேட்டேன். அண்ணி நம்பவில்லை.

அண்ணன்
சிவஞானம்

---

ஸ்கொட்லாந்து
5 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இடுப்புக்கு ஒரு பட்டை அனுப்புகிறேன். கட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் பெயரை மறைக்கிறேன் என்று எழுதிய பிறகு நீங்கள் போய்ச் சொன்னதை நினைத்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கோபமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம். அதைவிடப் பெரிதாக வேறொன்று. அதை எழுதத் தெரியவில்லை.

இராக்கம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். திருத்தம் வெளியாகிவிட்டது. கடைசி வரியைத் தமிழில் தருகிறேன்: 'இந்தச் சேர்மம் பச்சை வேரில் இல்லை; சூட்டில் உலர்த்தும்போது உண்டாகிறது. மாதிரி உலர்த்தப்பட்ட முறையையும், மக்கள் அதைப் பயன்படுத்தும் முறையையும் முதல் ஆசிரியர் விசாரித்து உறுதிசெய்யாததே பிழைக்குக் காரணம்.' முதல் ஆசிரியர் நான்தான்.

இனி அடுத்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று ஒழுங்காகக் கண்டுபிடிக்க வேண்டும். சூட்டைக் கையால் அறிந்த ஆள் உங்களைவிட எனக்கு யாரும் இல்லை. ஷிஹானா வெப்பமானியும் தராசும் கொண்டுவந்து தருவாள். மூன்று வகைச் சூடு, மூன்று வகை நேரம், ஒன்பது பொட்டலம். முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
ஜெயந்தினி

---

நமுனுகுல
27 ஜூலை 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். பட்டை கட்டுகிறேன். கவ்வாத்து வெட்டும் மற்ற ஆட்களும் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள்.

ஒன்பது பொட்டலத்தையும் ஷிஹானா வந்து வாங்கிப் போய்விட்டார். இந்தத் தடவையும் உன் தாளில் இருந்ததை நான் மாற்றினேன். மாற்றியதைக் கீழே எழுதுகிறேன்.

வேரை அப்படியே போடச் சொல்லியிருந்தாய். தடித்த வேர் உள்ளே வேகாது, மெல்லியது கருகும். தேயிலையிலும் அதே கதைதான். அதனால் எல்லாவற்றையும் பென்சில் கனத்துக்குச் சீவினேன். வெறும் கல்லில் சூடு ஒரு பக்கமாக ஏறுகிறது, அதனால் தகரத் தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வாட்டினேன். வெப்பமானி சொன்னதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கொப்பியில் குறித்திருக்கிறேன். நான்காம் பொட்டலத்தில் அடுப்பு இரண்டு நிமிஷம் கூடிவிட்டது, அதுவும் இருக்கிறது.

பத்தாவது ஒன்றும் இருக்கிறது. இராக்கம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "தள்ளு, நான் ஒண்ணு செய்றேன்" என்று உட்கார்ந்தார். வெப்பமானியைப் பார்க்கவே இல்லை, மூக்குத்தான். நான் பக்கத்தில் இருந்து சூட்டைக் குறித்தேன்.

ஊவா சீசன் தொடங்கிவிட்டது. காற்றும் வெயிலும் சேர்ந்து கொழுந்து நல்ல மணம். ஸ்டோர் இரவு பகலாக ஓடுகிறது. என்னை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேன்.

அண்ணன்
சிவஞானம்

---

ஸ்கொட்லாந்து
6 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். இங்கே இலை உதிர்ந்து குளிர் தொடங்கிவிட்டது. அண்ணி கொழுந்து மலையை விட்டு பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்ததாக எழுதியிருந்தார், மனது நிறைந்தது.

முடிவு வந்துவிட்டது. ஒன்பது பொட்டலத்தில் நமுனுலின் எல்லாவற்றிலும் இருக்கிறது. பத்தாவதில் அவற்றில் எதையும்விட இரண்டு மடங்கு. நீங்கள் குறித்த சூட்டைப் பார்த்தால், இராக்கம்மா முதலில் மெதுவாக ஏற்றி, கடைசி ஏழு நிமிடம் அடுப்பைத் தூண்டியிருக்கிறார். அப்படிச் செய்ய எனக்குத் தோன்றியிருக்காது. ஷிஹானா மூன்று தரம் திரும்பச் செய்து பார்த்தாள், மூன்று தரமும் அதேதான்.

கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். என் பட்டியலில் பன்னிரண்டாவது. ஆசிரியர்கள் நான்கு பேர்: நான், ஷிஹானா, சிவஞானம், இராக்கம்மா. மேலதிகாரி, "கடைசியில் நன்றி என்று இரண்டு பெயரையும் போட்டால் போதாதா?" என்றார். "சோதனையைச் செய்தவர்கள் அவர்கள்" என்றேன். அவரோடு என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. எடின்பரோவில் ஒரு பேராசிரியர், என் திருத்தத்தைப் படித்துவிட்டு, மூன்று வருட வேலை தருவதாக எழுதியிருக்கிறார். போகிறேன்.

இப்போது ஒரே சிக்கல். ஒவ்வொரு ஆசிரியரும் எந்த நிறுவனம், என்ன முகவரி என்று நிரப்பினால்தான் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. உங்கள் இருவருக்கும் என்ன போடட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

ஜெயந்தினி

---

நமுனுகுல
24 ஒக்டோபர் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். தீபாவளி நல்லபடி கழிந்தது.

இராக்கம்மாவிடம் சொன்னேன். "என் பேரு புக்குல வருதா? அப்பன்னா இராக்கம்மான்னு முழுசா எழுதச் சொல்லு. வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுப் புத்தகத்துல நாப்பது வருசமா 'இ'ய முழுங்கிட்டானுங்க" என்றார். கவனமாக எழுது.

முகவரிக்கு ஒப்பீசில் கேட்டேன். கிளாக்கர், "தொரை மேற்பார்வைன்னு தோட்டத்துப் பேரப் போடு. உங்களுக்கு வர்ற தபால் எல்லாம் இங்கதானே வருது" என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த வேலை ஒப்பீசில் நடக்கவில்லை, ஸ்டோரிலும் நடக்கவில்லை. எங்கள் அடுப்பில் நடந்தது. அதனால் இப்படிப் போடு:

சிவஞானம், 7ஆம் காம்பரா, 4ஆம் லயம், மேல் டிவிசன், நமுனுகுல.
இராக்கம்மா, 8ஆம் காம்பரா, அதே லயம்.

நிறுவனம் என்ற இடத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அதை நீ பார்த்துக்கொள்.

அண்ணன்
சிவஞானம்

---

நமுனுகுல
15 பெப்ரவரி 2026

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், எடின்பரோ போகப் பெட்டி கட்டியிருப்பாய். நீ அனுப்பிய அச்சுப்பிரதியை இராக்கம்மா வாங்கி, தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

தொரை போன வாரம் கூப்பிட்டார். ஏப்ரலிலிருந்து ஸ்டோருக்கு வரச் சொல்லியிருக்கிறார். காதுக்கு அடைப்பான் தந்தால் வருகிறேன் என்றேன். தருகிறாராம்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒப்பீசில் நிற்காமல் லயத்துக்கே ஏறி வந்தார். உறையில் 7ஆம் காம்பரா, 4ஆம் லயம் என்று இங்கிலீஷில் இருந்ததாம். ஒப்பீசில் கொடுக்கவா, இங்கே கொண்டுவரவா என்று யோசித்துவிட்டு, எழுதியிருக்கும் இடத்துக்கே கொண்டுவந்தேன் என்றார். கென்யா நாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர். எனக்கு எழுதியிருக்கிறார், உனக்கு இல்லை. அண்ணி இரண்டு தரம் உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

பசறையிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு வரும் இங்கிலீஷ் டீச்சர் நபீலா வாசித்துச் சொன்னார். அவர்கள் ஊரிலும் தேயிலைத் தோட்டம் இருக்கிறதாம், சேற்றுப்புண்ணும் இருக்கிறதாம். அங்குள்ள ஒரு வேரை வாட்டிப் பார்க்க விரும்புகிறார். என்ன கனத்துக்குச் சீவுவது, மணல் எவ்வளவு என்றெல்லாம் கேட்டிருந்தார். கடைசியில் 'உங்கள் ஆய்வுகூடத்தில் எந்த வகை உலை பயன்படுத்துகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி.

உன்னிடம் கேட்டுவிட்டுப் பதில் போடலாம் என்று அண்ணி சொன்னாள். இது எனக்குத் தெரிந்த விஷயந்தானே என்று நானே சொல்லச் சொல்ல, நபீலா டீச்சர் இங்கிலீஷில் எழுதினார்.

"விறகடுப்பு. மூணு கல்லு, சவுக்கு வெறகு, மணல் போட்ட தகரத் தட்டுன்னு எழுதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி, "இப்படியே எழுதவா?" என்று கேட்டார்.

"இப்படியே எழுதுங்க" என்றேன். நேற்றுத் தபாலில் போட்டாயிற்று.

அண்ணன்
சிவஞானம்